கும்பெல் மனைவி யென்ட்லே மாட்டிறைச்சி வழக்கில் சொன்னது

ஐஷன்ரீட் வட்டார அலுவலகத்தில், 1691ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இலையுதிர் சந்தைக்கு அடுத்த வியாழக்கிழமை, மதியத்துக்கு மேல், வட்டார அதிகாரியின் உத்தரவுப்படி எழுத்தரால் பதியப்பட்டது.

பெயர்: யென்ட்லே. கணவர் பெயர்: கும்பெல், மாட்டு வியாபாரி. வயது: நாற்பதுக்கு மேல் இருக்கும், சரியாகத் தெரியாது என்கிறார். விலாசம்: ஐஷன்ரீட், தோல் பதனிடுவோர் தெரு, பொதுக் கிணற்றுக்கு எதிர்வீடு. இனம்: யூதர், பிரபுவின் பாதுகாப்புச் சாசனத்தின் கீழ்க் குடியிருப்பவர். தம் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தபின் விசாரிக்கப்பட்டதில் சொன்னதாவது:

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவரோடு குடியிருந்து வருகிறேன். என் கணவர் இப்போது கோபுரச் சிறையில் இருக்கிறார். நோயுற்ற மாட்டின் இறைச்சியைத் தெரிந்தே விற்று, நெசவாளர் வீட்டுப் பையன் யோர்க்கின் சாவுக்குக் காரணமானார் என்பது அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. இது நிரூபணமானால் அவர் கழுத்துக்குக் கயிறுதான் என்று அதிகாரி ஐயா என்னிடம் நேரடியாகவே சொல்லியிருக்கிறார். அவரை உயிரோடு வெளியே கொண்டுவருவதற்காகவே இதைச் சொல்கிறேன். வேறு எந்த ஆசையும் இப்போது எனக்கு இல்லை.

சாசனப்படி எங்களுக்குக் கடை வைக்க அனுமதி இல்லை. நிலம் வாங்க அனுமதி இல்லை. கசாப்பு, நெசவு என்று எந்தத் தொழில்காரர் சங்கத்திலும் சேர அனுமதி இல்லை. மாடு வாங்கி விற்கலாம். வீட்டுத் தேவைக்கு மாடு அறுத்துக்கொள்ளலாம். அறுத்ததில் எங்களுக்கு ஆகாத பாகத்தைக் கிறிஸ்தவர்களுக்கு விற்கலாம், ஆனால் தெருவாசலில் விற்கக் கூடாது, கொல்லை வாசலில்தான் விற்க வேண்டும், சங்கத்துக் கசாப்புக்காரர்கள் கடையைப் போல மேசை போடக் கூடாது. இதெல்லாம் எழுத்தர் ஐயாவுக்கே தெரியும், அவர்தான் வருடா வருடம் எங்களுக்குப் படித்துக் காட்டுகிறவர்.

எங்களுக்கு ஆகாதது எது என்று கேட்கப்பட்டது. மாட்டின் பின்பக்கம் எங்களுக்கு எப்போதுமே ஆகாது. அதைத் தவிர, மாட்டை அறுத்ததும், எங்கள் வேத முறை அறிந்து அறுத்துக் கொடுக்கிற பெரியவர் ரெப் ஷ்மாயா நெஞ்சுக்குள் கையை விட்டு நுரையீரலைத் தடவிப் பார்ப்பார். அது விலாவோடு எங்காவது ஒட்டியிருந்தால் அந்த மாடு முழுவதுமே எங்களுக்கு ஆகாது. அதற்காக மாட்டுக்கு நோய் என்று அர்த்தமில்லை. கன்றாக இருந்தபோது சளி பிடித்துத் தானாக ஆறின தழும்பாகக் கூட அது இருக்கலாம். அப்படிப்பட்ட மாடு உழும், பால் கறக்கும், கிழம்வரை வாழும். கசாப்புச் சங்கத்து மேசைகளில் தொங்குகிற மாடுகளில் எத்தனைக்கு நுரையீரல் ஒட்டியிருக்கிறது என்று யாரும் கைவிட்டுப் பார்ப்பதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. நாங்கள் பார்க்கிறோம், பார்த்ததைச் சொல்கிறோம், அதுதான் நாங்கள் செய்த குற்றம்.

சந்தை வாரத்தின் கடைசியில் எங்கள் மகள் ரெஹ்லேயின் கல்யாணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வேறொரு பிரபுவின் ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாடு அறுத்துக்கொள்ள என் கணவர் முறைப்படி இந்த அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கினார். திங்கட்கிழமை காலையில் முதலாவது மாட்டை அறுத்தார்கள். ரெப் ஷ்மாயா கையை உள்ளே விட்டவர் சற்று நேரம் எடுக்கவே இல்லை. அதன் பிறகு எடுத்துத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை இரண்டாவது மாட்டை அறுத்தார்கள், அதுவும் ஒட்டியிருந்தது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், ரெப் ஷ்மாயா கை கழுவத் தண்ணீர் கேட்ட குரலிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நான் என் கணவரிடம், "மூணாவது மாட்டுல கத்தி வைக்கிறதுக்கு முன்ன அலுவலகத்துக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க" என்றேன். அதற்கு அவர், "எதுக்குடி சொல்லணும்? கல்யாணத்துக்கு ஒரு மாடுன்னு அனுமதி. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாடுகூட ஆகலயே. நமக்கு ஆகாத மாடு நம்ம கணக்குல எப்படி வரும்?" என்றார். அவர் ஏமாற்றுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. எங்களில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். நுரையீரல் ஒட்டிய மாடு எங்களுக்குக் கல்யாண மாடே இல்லை, அது வழியில் செத்துக் கிடந்த மாட்டுக்குச் சமம். ஆனால் சாசனம் எழுதியவர்கள் எங்கள் வாயால் சாப்பிட்டுப் பார்த்து எழுதவில்லை. கத்தி விழுந்த மாடு எத்தனை என்றுதான் அவர்கள் எண்ணுவார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. புதன்கிழமை அறுத்த மூன்றாவது மாடு நல்லபடியாக அமைந்தது. ரெப் ஷ்மாயா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆகாமல்போன இரண்டு மாடுகளின் இறைச்சியையும் சாசனத்தில் உள்ளபடி கொல்லை வாசலில் விற்றோம். வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாங்கள் தொடமாட்டோம், வெயில் வேறு அடித்தது. சங்கத்து விலையைவிடக் குறைத்துத்தான் கொடுத்தோம், அதுவும் வழக்கம்தான். சட்டி, வாளி, முந்தானை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க வந்துவிட்டது. சந்தை வாரத்தில் சங்கத்துக் கடைகளில் இறைச்சி தொங்கினபடியே தொங்கியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நெசவாளர் மனைவி பார்பராவை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். கிணற்றடியில் தினமும் பார்க்கிறவள்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கையில் எதுவும் இல்லாமல் வந்து, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். நடந்த பேச்சை அப்படியே சொல்லும்படி கேட்கப்பட்டதால் சொல்கிறேன்.

"என்னடி, சட்டி எங்க?" என்று கேட்டேன்.

"வாங்க வரலக்கா. யோர்க்குக்கு ஞாயித்துக்கிழமையில இருந்து காய்ச்சல், உடம்பெல்லாம் செவப்பு செவப்பா கெளம்பியிருக்கு. எதையும் முழுங்க மாட்டேங்கிறான். ஒரு எலும்பு கெடச்சா சூப்பு வச்சுப் பாப்பேன்."

"எலும்பு என்ன, கறியும் சேத்து எடுத்துட்டுப் போ. காசு கீசுன்னு ஆரம்பிச்ச, வேலிக்கு மேலயே அடிப்பேன்."

"ரெண்டு மாடு அடிச்சிருக்கீங்களே, ஒண்ணுகூட உங்களுக்கு வேணாமாக்கா?"

"நுரையீரல் ஒட்டிக்கிச்சு. எங்களுக்கு ஆகாது. உங்களுக்கு ஆகும், நல்ல மாடுதான், கொண்டு போ."

இதுதான் நான் சொன்னது. வாடிக்கையாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்லி விற்றாள். ஒளிவுமறைவு கூடாது என்று சொல்வது. அந்த வார்த்தைதான் இன்றைக்கு என் கணவரைக் கோபுரத்தில் ஏற்றியிருக்கிறது.

அதன் பிறகு புதன்கிழமை கசாப்புச் சங்கத் தலைவர் காஸ்பர் ரோட்டர் எங்கள் கொல்லை வாசலுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. "எங்க வயித்துல அடிச்சிட்டு நீங்க கல்யாண விருந்து சாப்பிடுறீங்களாடா?" என்று கேட்டார். என் கணவர், "மாஸ்டர், உங்க வயித்துல அடிக்கல. எங்க வயித்துக்கு ஆகாததத்தான் விக்கிறோம்" என்றார். அதற்கு ரோட்டர், "ஒனக்கு ஆகாதத எங்க ஜனம் தின்னணுமா? நல்லாருக்குடா உங்க நியாயம்" என்று சொல்லி, வாசலில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். யாரும் வாளியைக் கீழே வைக்கவில்லை. எங்கள் ஜனம் என்று அன்றைக்கு அவர் உருகிப் பேசியது ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. சனிக்கிழமை யோர்க் செத்துப்போனான். எங்கள் வீட்டில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கிறிஸ்தவர் கோயிலில் சாவு மணி அடித்தது. யாருக்கு என்று நான் கேட்டு அனுப்பினேன். தெரிந்ததும் பாட்டை நிறுத்தச் சொன்னது நான்தான். ஆறு வயதுப் பையன், எங்கள் கன்றுக்குட்டிகளுக்கெல்லாம் பேர் வைத்தவன்.

அதன் பிறகு திங்கட்கிழமை, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டியேற்றி அனுப்பிவிட்டு மேசையில் மிச்சமிருந்ததைச் சாப்பிட உட்கார்ந்தபோது காவலர்கள் வந்தார்கள். என் கணவர் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் சொல்ல வேண்டிய பிரார்த்தனையை வாய்க்குள் அவசர அவசரமாகச் சொல்லி முடித்துக்கொண்டு எழுந்தார். கொட்டகையில், ஆகாத அந்த மாடுகளில் விற்காமல் மிஞ்சி உப்புப் பீப்பாயில் கிடந்த ஒரு தொடையைச் சங்கத்தார் கைப்பற்றி, முத்திரை வைத்து இங்கே கொண்டுவந்தார்கள்.

கோபுரத்தில் கொடுக்கிற சூப்பில் பன்றிக் கொழுப்பு இருக்கும் என்பதால் என் கணவர் அதைத் தொடுவதில்லை. நான் கொண்டுபோகிற ரொட்டியையும் அவித்த முட்டையையும் காவலாளி உள்ளே கொடுக்கிற நாளில் சாப்பிடுகிறார், கொடுக்காத நாளில் பட்டினி. நேற்று ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். "வதைக்கிற கருவியெல்லாம் கொண்டாந்து காமிச்சாங்க" என்றார். "காமிச்சதோட சரியா?" என்று கேட்டேன். "நீ வீட்டுக்குப் போ யென்ட்லே" என்றார். கையை ஜன்னல் விளிம்புக்கு மேலே கொண்டுவரவே இல்லை.

இன்று காலை நடந்த விசாரணையில் பார்பரா கூப்பிடப்பட்டாள். "எங்களுக்கு ஆகாது, உங்களுக்கு ஆகும்" என்று நான் சொன்னதாகச் சொன்னாள். அது உண்மை. பையனுக்குக் காய்ச்சல் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் எழுந்து, "பார்பரா, சொல்லுடி, ஞாயித்துக்கிழமையே காய்ச்சல்னு சொன்னியே, சொல்லுடி" என்று கத்தினேன். என்னை உட்கார வைத்தார்கள். வெளியே போகும்போது அவள் என் பக்கத்தில் நின்று, "எங்க வீட்டுக்காரரோட தம்பி சங்கத்துலதான்க்கா வேலை பாக்குறான். எனக்கு இன்னும் ரெண்டு புள்ள இருக்கு" என்று சொல்லி அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்ச் சத்தியம் ஆகிவிடும். கோபம் இருக்கிறது. ஆனால் பையனைப் பறிகொடுத்தவளிடம் போய் என்ன சண்டை போடுவது.

அதன் பிறகு அதிகாரி ஐயா என்னைப் பார்த்து, "இந்தாம்மா, ஒரே ஒரு கேள்வி. நல்ல மாடுன்னா நீங்க ஏன் அதத் தின்னல?" என்று கேட்டார். நுரையீரலைப் பற்றி மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்து, "எனக்கு ஒண்ணும் புரியல. நோவு இல்ல, ஆனா தின்னக் கூடாது. இத நான் பிரபுவுக்கு எப்படி எழுதுறது?" என்றார். ரோட்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. "குடுங்க, அந்தத் தொடையக் குடுங்க. நான் சாப்பிடுறேன். எனக்கு ஏதாச்சும் ஆனா அவரத் தூக்குல போடுங்க. ஆகலன்னா வெளிய விடுங்க" என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. என் வாய்தான்.

அதிகாரி ஐயா சற்று யோசித்து, அப்படியே ஆகட்டும் என்றார். என் எதிரிலேயே சமைத்து, என் எதிரிலேயே பரிமாறி, நான் தின்று, மாலை மணி அடிக்கும்வரை இந்த அறையிலேயே இருந்து, வாந்தியோ வலியோ இல்லாமல் இருந்தால் பையன் சாவு பற்றிய குற்றச்சாட்டைத் தள்ளிவிடுவதாகச் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டார். எல்லோரையும்விட ரோட்டர்தான் முதலில் சம்மதித்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

அதன் பிறகு ரெப் ஷ்மாயாவோடு ஒரு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். முற்றத்தில் காவலர் எதிரில் பேசினோம். அவர் ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"உசுரக் காப்பாத்த சாப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"சாப்பிடலாம். சாப்பிட்டே ஆகணும்னுகூடச் சொல்வேன். அது இல்ல இப்ப பேச்சு" என்றார். "நீ சாப்பிட்டா அடுத்தது என்ன நடக்கும்னு யோசிச்சியாம்மா?"

"சொல்லுங்க."

"நீ சாப்பிடலன்னா, நோவு மாடுன்னு ஆயிரும், கும்பெல் கழுத்து போயிரும். நீ சாப்பிட்டன்னா ரோட்டர் என்ன சொல்வான்? 'பாருங்க, இவங்களுக்கு ஆகத்தான் செய்யுது, ஆகாதுன்னு சொன்னதெல்லாம் புளுகு. அந்தச் சாக்குல மாட்டுக்கு மேல மாடு அடிச்சு எங்க வியாபாரத்த எடுத்துட்டாங்க, சாசனத்த மீறிட்டாங்க'ன்னு சொல்வான். சாசனம் போயிரும். ஊர விட்டுப் போகணும்."

"முன்னால போனா முட்டுது, பின்னால போனா ஒதைக்குதா."

"அதேதான்."

"தெரியுதுங்க. ஆனா அவர் உசுரோட இருந்தாத்தானே அடுத்த வழக்கு" என்றேன். ரெப் ஷ்மாயா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "மெதுவா மென்னு சாப்பிடு, அவசரப்படாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தொடையிலிருந்து அதிகாரி ஐயா வீட்டுச் சமையற்காரி ஒரு பெரிய துண்டை அறுத்துக் கொண்டுவந்தாள். தண்ணீரில் மட்டும் வேகவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்குள் அவள் வழக்கம்போலச் சட்டியில் பன்றிக் கொழுப்பைப் போட்டுவிட்டிருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, அவளுக்குத் தெரியாது. வேறு சட்டி வைக்கச் சொல்லட்டுமா என்று எழுத்தர் ஐயா கேட்டார், அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் ரோட்டர், "எங்க ஜனம் எப்படித் தின்னுச்சோ அப்படியே இவளும் தின்னட்டும்" என்றார். அது நியாயம்தான் என்று அதிகாரி ஐயா சொன்னார்.

அதன் பிறகு நான் சாப்பிட்டேன். என் பிறப்பிலிருந்து அப்படி ஒரு வாசனை என் வாய்க்குள் போனதில்லை. கொழுப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. தட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றாம் வாயிலேயே குடல் மேலே வந்துவிட்டது. வெளியே வந்தால் நோயுற்ற மாடு என்று எழுதிவிடுவார்கள் என்று தெரியும். முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வந்ததைத் திரும்ப விழுங்கினேன். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சத்தியம் செய்திருப்பதால் சொல்கிறேன். அது இறைச்சியால் வந்ததல்ல. என்னால் வந்தது. எழுத்தர் ஐயா சாப்பிடாத எதையாவது, அவர் சின்ன வயதிலிருந்து அருவருத்த எதையாவது, தட்டில் வைத்து எதிரில் நாலு பேர் நின்றால் அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

முடித்ததும் ரோட்டர், "ருசி எப்படி?" என்று கேட்டார். நன்றாக இல்லை என்றால் கெட்ட இறைச்சி. நன்றாக இருக்கிறது என்றால் நான் வழக்கமாகத் தின்கிறவள். "நல்ல மாடு" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அவர் சட்டைக்குள்ளிருந்து ஏற்கெனவே எழுதி வைத்திருந்த இரண்டாவது மனுவை எடுத்து அதிகாரி ஐயாவிடம் கொடுத்தார். ரெப் ஷ்மாயா முற்றத்தில் சொன்னது ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. ஆகாது என்பது வியாபாரத்துக்காகக் கட்டிய பொய் என்றும், சங்கத்தின் உரிமையைக் களவாடியதால் சாசனத்தை ரத்து செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. மை காய்ந்து பல நாள் ஆன மனு. ஆகும் என்பதற்கு நான் காலிசெய்த தட்டே சாட்சி என்று அவர் வாயால் சேர்த்துச் சொன்னார்.

அந்த இரண்டாவது மனுவுக்கு என் பதில் என்ன என்று கேட்கப்படுகிறது. என் பதில் இது. வீடு தீப்பற்றி எரியும்போது ஒருத்தி ஜன்னல் வழியாகக் குதித்தால், அந்த வீட்டுக்கு ஜன்னல்தான் வாசல் என்று யாரும் எழுதமாட்டார்கள். எங்களுக்கு ஆகாது. நேற்றும் ஆகாது, இன்றும் ஆகாது. ஆகாததைத்தான் நான் தின்றேன். என் புருஷன் உயிரை ஒரு தட்டில் வைத்து நீட்டினார்கள், நான் தட்டைக் காலி செய்தேன். எங்களுக்கு ஆகிற உணவாக இருந்திருந்தால் என்னைத் தின்னச் சொல்லி யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்களே, இது ரோட்டருக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு மாடு அதிகமாக அடித்தது தவறு என்றால், முன்கூட்டி வந்து சொல்லாதது தவறு என்றால், அதற்கு அபராதம் போடுங்கள், இருக்கிற பண்டபாத்திரத்தை விற்றுக் கட்டுகிறோம். சாசனத்தை எடுக்காதீர்கள். சாசனம் இல்லாதவனை எந்த ஊர் எல்லைக்குள்ளும் ஒரு ராத்திரி படுக்க விடமாட்டார்கள். குளிர் வரப்போகிறது. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், குனிந்தால் வயிறு புரளும், அதனால் மணி அடித்த பிறகு விழுகிறேன்.

எழுத்தர் ஐயா நிதானமாக எழுதுகிறார். அவருக்கு அவசரம் இல்லை. எனக்கு இப்போது வியர்க்கிறது, இதையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அறையில் அடுப்பு எரிகிறது, அதனால் வியர்க்கிறது என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். ஒரு மடக்கு உள்ளே போனாலும் எல்லாம் கிளம்பிவிடும். பேசிக்கொண்டே இருந்தால்தான் தாங்குகிறது, அதனால்தான் கேட்காததையும் சேர்த்துப் பேசுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் தின்றதை என் கணவருக்குச் சொல்ல வேண்டாம். அவர் பட்டினி கிடந்து கோபுரத்துச் சூப்பைத் தொடாமல் இருக்கிறார். மாடு நல்ல மாடு என்று தெரிந்துவிட்டது, விட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். மனைவியின் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முழுவதும் படித்துக் காட்டியாக வேண்டும், அது விதி என்று எழுத்தர் ஐயா சொல்கிறார். எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. சரி, படியுங்கள். அடித்துத் திருத்தாமல் படியுங்கள். அவருக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எனக்கு வெட்கமாக இல்லை.

மேலே கண்டது எல்லாம் என் வாயால் சொன்னது, எவரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைத்ததல்ல, என் கண்ணால் கண்டதும் என் காதால் கேட்டதும் என் வாயால் தின்றதும் அன்றி வேறு இல்லை, அனைத்தும் உண்மை. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்பி, எங்கள் எழுத்தில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) யென்ட்லே, கும்பெல் மனைவி

எழுத்தர் குறிப்பு: மாலை மணி அடித்து ஓயும்வரை மேற்படியாள் இந்த அறையிலேயே இருந்தார். வாந்தி எடுக்கவில்லை. வலி என்று சொல்லவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது உண்மை. சிறுவன் சாவு பற்றிய முதல் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. கோபுரச் சிறையிலிருந்து கும்பெல் கொண்டுவரப்பட்டார். அவருடைய இரண்டு கட்டைவிரல்களிலும் துணி சுற்றியிருந்தது. வாக்குமூலம் அவருக்கு ஆரம்பம் முதல் முடிவுவரை படித்துக் காட்டப்பட்டது. ஆட்சேபணை உண்டா என்று கேட்கப்பட்டதற்கு இல்லை என்று தலையசைத்தார். இரண்டாவது மனு ஏற்கப்பட்டது. சாசனம் ரத்து செய்யப்பட்டது. நவம்பர் பதினொன்றாம் தேதி மார்ட்டின் திருநாளுக்குள் இருவரும் எல்லை தாண்ட வேண்டும் என்ற உத்தரவு அதே நேரத்தில் படித்துக் காட்டப்பட்டு, கையெழுத்துப் போட விரல் இயலாததால் கும்பெலின் உள்ளங்கை மையில் தோய்த்துப் பதிக்கப்பட்டது.

வாசலைத் தாண்டிய உடனே மேற்படியாள் தெருவோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார் என்றும், அதையும் பதிய வேண்டும் என்றும் சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உண்மைதான். அது மணி அடித்த பிறகு அலுவலகத்துக்கு வெளியே நடந்ததால் வழக்கைச் சேர்ந்ததல்ல என்று முடிவு செய்யப்பட்டது. அவர் வாந்தி எடுத்து முடிக்கும்வரை கும்பெல் பக்கத்தில் மண்டியிட்டு, மை காயாத உள்ளங்கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.